கிளட்ச் எட்டும் தூரம்

"குட்டை வண்டி இருக்கா?" என்று போனில் யாராவது கேட்டால், கேட்பது டிராக்டரையா தன்னையா என்று அவளுக்குத் தெரியாது. எதுவானாலும் "இருக்கு" என்பாள். வண்டி பதினெட்டு ஹெச்.பி. பழத்தோட்டங்களில் மர வரிசைகளுக்கு நடுவே புகுந்து வரும். அவள் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். பதினோரு வருடமாக வாடகைக்கு உழுகிறாள்.

அந்த வண்டி அவளுக்காக வாங்கப்பட்டதல்ல. கணவன் பழுதான மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவன். கூடுதல் வருமானத்துக்கு என்று வாங்கி ஒரு டிரைவரை அமர்த்தினான். டிரைவர் மூன்றாம் நாள் சொல்லாமல் நின்றுவிட்டார். ஒரு தோட்டக்காரர் உழவு பாதியில் நிற்கிறதென்று வாசலில் நின்று சத்தம் போட்டார். கணவனுக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. அவள் ஏறி உட்கார்ந்தாள். கிளட்ச் எட்டவில்லை. சாக்கை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அந்த வாரமே வெல்டிங் கடைக்காரர் கிளட்ச் மிதியின் மேல் இரண்டு அங்குல இரும்புக் கட்டை ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார்.

"இதோட நீ ரெண்டு அங்குலம் வளர்ந்துட்டம்மா" என்றார்.

இந்த வருடம், அவள் உழுதுவந்த ஐந்து தோட்டங்களையும் ஒரே நாற்றுப் பண்ணை எடுத்துக்கொண்டது. இடைவேலிகளைப் பிடுங்கிவிட்டார்கள். பண்ணை மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அவளை வரப்பில் நிறுத்திச் சொன்னார்: "அஞ்சடி ரோட்டாவேட்டர் கொண்டு வாங்க, வருஷம் பூரா வேலை இருக்கு. இந்த மூணடியை வச்சுக்கிட்டு நீங்க கடைசி வரிசைக்குப் போறதுக்குள்ள முதல் வரிசையில புல்லு முளைச்சு நிக்கும்."

ரோட்டாவேட்டர் என்பது டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவது. சுழலும் கத்திகள் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும். கத்திகளின் அகலம் கூடினால் அதைச் சுழற்ற வண்டியின் வலுவும் கூட வேண்டும். பதினெட்டுக்கு ஐந்தடி ஆகாது.

அவள் சிரித்து, சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள்.

கணவனுக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஆர்வம் அதிகம். ஷோரூமிலிருந்து விளக்கத்தாள்களை வாங்கி வந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டான். தலைப்பில் ஒரு பக்கம் இருபத்தெட்டு ஹெச்.பி. வண்டி, இன்னொரு பக்கம் முப்பத்தாறு. கீழே இழுவை, தூக்கும் எடை, டீசல், திரும்புவதற்கு வேண்டிய இடம், கியர், டயர் என்று பன்னிரண்டு வரிகள். ஒன்பதில் முப்பத்தாறு ஜெயித்தது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தான்.

"இருபத்தெட்டு நாலடிதான் இழுக்கும். முப்பத்தாறு அஞ்சடியை அசால்ட்டா இழுக்கும். கியர் ரெண்டுலயும் எட்டு."

"எட்டினா சரி."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். தன் தம்பியைக் கூப்பிட்டு, "உங்க அண்ணி சொன்னதைக் கேட்டியாடா" என்று திரும்பச் சொன்னான். அவள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு வந்துவிட்ட பிறகு அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை.

கொழுந்தன் லாரி ஓட்டியவன். கம்பெனி அவன் ஓட்டிய வழித்தடத்தை நிறுத்திவிட்டதால் ஏழு வாரமாக வீட்டில் இருந்தான். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. எதையும் கேட்கமாட்டான். ஆனால் காலையில் அவள் வருவதற்குள் எண்ணெய் பார்த்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, சீட்டைத் துடைத்து வைத்திருப்பான். ஒரு நாள் சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. சாக்கு தரையில் கிடந்தது.

"ரிவர்ஸ் எடுத்து நிழல்ல போட்டேன் அண்ணி. திரும்ப வைக்க மறந்துட்டேன்."

"பரவாயில்ல தம்பி."

சீட்டை முன்னால் இழுத்தாள். அது வழக்கத்தைவிட இறுக்கமாக வந்தது போலிருந்தது. அன்று முழுவதும் அந்த இறுக்கம் கையிலேயே இருந்தது.

பெரிய வண்டியில் கிளட்ச் எட்டாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் அவளைத் திட்டமாட்டார்கள், கேலி செய்யமாட்டார்கள். "அதுக்கென்ன, தம்பி ஓட்டட்டும்" என்பான் கணவன். "நான் ஓட்டறேன் அண்ணி, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்பான் கொழுந்தன். மேற்பார்வையாளரும் தலையாட்டுவார். எல்லாரும் நியாயமாகப் பேசுவார்கள். அவள் பயந்தது அந்த நியாயத்துக்குத்தான். அதற்குப் பதில் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை, வண்டியை நான்தான் ஓட்டவேண்டும் என்பதைத் தவிர.

வியாழக்கிழமை மூன்று பேரும் ஷோரூம் போனார்கள். கண்ணாடிச் சுவர், வழவழப்பான தரை, டயருக்குக்கூடப் பாலீஷ் போட்டிருந்தார்கள். விற்பனைக்காரர் கணவனிடமும் கொழுந்தனிடமும் மாறி மாறிப் பேசினார். முப்பத்தாறின் பெருமைகளில் ஒன்றை இரண்டு தடவை சொன்னார்.

"இதுல டபுள் கிளட்ச் சார். பாதி மிதிச்சா வண்டி நிக்கும். முழுசா மிதிச்சா பின்னாடி கத்தியும் நிக்கும். ஒரே மிதி, ரெண்டு வேலை."

"ஓட்டறது யாரு, தம்பியா?" என்று கொழுந்தனைப் பார்த்தார்.

"அண்ணிதான்" என்றான் கொழுந்தன்.

"அப்படியா? உட்கார்ந்து பாருங்க மேடம்."

ஏறினாள். சீட்டை முடிந்தவரை முன்னால் இழுத்தாள். முதுகை நிமிர்த்தி, எதிரே கண்ணாடிச் சுவர் வழியே தெரிந்த சாலையைப் பார்த்துக்கொண்டு இடது காலை நீட்டினாள். கால் விரல்களின் அடிச்சதை மிதியில் பட்டது. மிதித்தாள். கீழே போனது. இன்னொரு தரம் மிதித்தாள். அடிவரை போனது. மூச்சு வந்தது.

"எட்டுதா?" என்றான் கணவன். அவன் கேட்டது அந்தப் பழைய சிரிப்புக்காக.

"எட்டுது."

சனிக்கிழமை வந்து எழுதிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். அதுவரை வண்டியை வேறு யாருக்கும் காட்டமாட்டேன் என்றார் விற்பனைக்காரர்.

வெள்ளிக்கிழமை காலை பண்ணைக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் உழுதுகொண்டிருந்தாள். மூன்றாவது வரிசை முடிவில் சுவர் வந்தது. கிளட்சை மிதித்தாள். அப்போதுதான் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கவனித்தாள். தலை பின்னால் திரும்பியிருந்தது. இடது தோள் பின்னால், இடது இடுப்பு பின்னால். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை பின்சக்கரத்தின் மட்கார்டில். ரோட்டாவேட்டரைச் சுழற்றும் சங்கிலிப் பெட்டி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தை உரசினால் பட்டை உரியும், பெட்டி உடையும். அதனால் அவள் எப்போதும் இடப்பக்கம் திரும்பியே ஓட்டுவாள். பதினோரு வருடமாக முன்னால் பார்த்து ஓட்டியது ரோட்டில் மட்டும்தான்.

ஷோரூமில் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பஸ் டிரைவர் மாதிரி.

வண்டியை நிறுத்தி, நேராக உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பி நீட்டிப் பார்த்தாள். வித்தியாசம் மூன்று விரல். மிதியில் கட்டை இருப்பதால் இத்தனை நாள் தெரியாமல் போயிருக்கிறது. பாதி மிதித்தால் வண்டி நிற்கும் என்ற குரல் ஞாபகம் வந்தது. வண்டி மட்டும் நிற்கும், கத்தி நிற்காது. மிச்ச வரிசைகளை உழும்போது இரண்டு தடவை மரத்தை ஒட்டிப் போய்விட்டாள். அவளுக்கு அப்படி ஆனதில்லை.

சாயங்காலம் அடுக்களையில் நாற்காலியை இழுத்துப்போட்டு, எதிரே எண்ணெய் டின்னை வைத்தாள். இடப்பக்கம் திரும்பி உட்கார்ந்து காலால் டின்னை எட்டிப் பார்த்தாள். டின்னை இரண்டு விரல் தள்ளி வைத்தாள். மறுபடி எட்டிப் பார்த்தாள். கணவன் வாசற்படியில் நின்றிருந்தான்.

"என்ன, இந்த வயசுல டான்ஸ் கத்துக்கறியா?"

"சுளுக்கு" என்றாள்.

"தைலம் தேய்க்கட்டுமா?"

"வேணாம். போங்க."

அவன் டின்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை ஷோரூமில் கூட்டம் இல்லை. விற்பனைக்காரர் காகிதங்களை எடுத்து வைத்திருந்தார். அவள் மேசைப் பக்கம் போகவில்லை. நேராக முப்பத்தாறில் ஏறினாள். சீட்டை இழுத்தாள். பின்னால் திரும்பினாள்.

"முன்னாடி பாருங்க மேடம். பின்னாடி ஒண்ணும் இல்லையே" என்றார் விற்பனைக்காரர்.

"ரோட்டாவேட்டரைப் பின்னாடிதானே மாட்டுவாங்க?"

அவர் சிரித்தார். கொழுந்தன் சிரிக்கவில்லை. அவன் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மிதித்தாள். நுனிவிரல் பட்டது. மிதி பாதிவரை போய் நின்றது. இடுப்பை முன்னால் நகர்த்தினாள். வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. மறுபடி மிதித்தாள். பாதி.

"நீங்க சொன்னீங்களே, பாதி மிதிச்சா வண்டி நிக்கும், முழுசா மிதிச்சா கத்தி நிக்கும்னு" என்றாள். "எனக்கு வண்டி மட்டும்தான் நிக்குது."

கொழுந்தன் கிட்டே வந்து குனிந்து மிதியைப் பார்த்தான்.

"வலப்பக்கம் திரும்பிப் பாருங்க அண்ணி" என்றான் கொழுந்தன் மெதுவாக. "கால் முன்னாடி வரும்."

"பெட்டி இடப்பக்கம் இருக்கு தம்பி. வலப்பக்கம் பார்த்துட்டு இடப்பக்கம் மரத்தை உடைக்கவா?"

"கட்டை வச்சா?" என்றான் கணவன். "இதுலயும் வெல்டிங் கடையில…"

"வெல்டிங் வச்சா வாரண்டி கிடையாது சார்" என்றார் விற்பனைக்காரர்.

"வாரண்டி கிடக்கட்டும். இதுக்கு நாலு அங்குலக் கட்டை வேணும். அவ்வளவு உசரத்துக்குக் காலைத் தூக்கினா முட்டி ஸ்டியரிங்ல இடிக்குது. பாருங்க." தூக்கிக் காட்டினாள். இடித்தது.

கணவன் சட்டைப்பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்தான். பன்னிரண்டு வரிகளையும் மேலிருந்து கீழாகப் பார்த்தான், எங்காவது ஒரு வரி விட்டுப்போயிருக்கும் என்பது போல. "வியாழக்கிழமை ஏன் சொல்லல?"

"அன்னிக்கு எட்டுச்சு."

"நேத்து டின்னை வச்சு…"

"நேத்து எட்டல."

அவன் தாளை மடித்தான். பிறகு அவள் எதிர்பார்த்திருந்த அதே வார்த்தைகள், எதிர்பார்த்திருந்த அதே இதமான குரலில் வந்தன. "அதுக்கென்ன இப்போ. தம்பி இருக்கான். அவன் ஓட்டட்டும். பண்ணை வேலையும் போகாது."

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் டயரின் பாலீஷை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"நீ பதினெட்டை…" என்று தொடங்கி நிறுத்தினான் கணவன். பதினெட்டை எக்ஸ்சேஞ்சாகக் கொடுத்துத்தான் முப்பத்தாறு வருகிறது. அதைத் தாளில் அவனே எழுதியிருந்தான்.

"நான் ஓட்டறேன்னு நானா கேட்கல அண்ணி" என்றான் கொழுந்தன்.

"தெரியும் தம்பி. நீ கேட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

முப்பத்தாறிலிருந்து இறங்கினாள். இறங்கும்போது கடைசிப் படிக்குக் கால் தேடவேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற இருபத்தெட்டில் ஏறினாள். சீட்டை இழுத்து, இடப்பக்கம் திரும்பி, மிதித்தாள். அடிவரை போனது. போனை எடுத்து மேற்பார்வையாளரை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், குட்டை வண்டி பேசறேன்."

"சொல்லுங்கம்மா. வாங்கியாச்சா?"

"நாலடிதான் சார் போடப்போறேன். அஞ்சடி இல்ல."

"நாலடியா?" ஏமாற்றம் தெரிந்தது. "அஞ்சடின்னுல்ல மேல சொல்லி வச்சிருக்கேன். எத்தனை நாள் கூட ஆகும்?"

"ஒரு சுத்துக்கு மூணு நாள் கூட ஆகும் சார். கூடுதல் நாளுக்கு வாடகை கேட்கமாட்டேன். காலையில ஒரு மணி நேரம் முன்னாடியே இறங்கிடறேன். மரம் ஒண்ணுகூட உரசாது."

"அஞ்சடி வச்சிருக்கிற இன்னொருத்தர் நேத்து வந்துட்டுப் போனாரும்மா."

அவள் கணவனைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கின் நடுவிலிருந்த மூடியைப் பார்த்தாள்.

"அவர் எந்தப் பக்கம் பார்த்து ஓட்டறாரு சார்?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல சார்."

"சரி, திங்கக்கிழமை ஒரு வரிசை ஓட்டிக் காட்டுங்க. அவரையும் வரச் சொல்றேன். அப்புறம் மேல கேட்டுச் சொல்றேன். என்னால அவ்வளவுதான் முடியும்."

போன் நின்றது. விற்பனைக்காரர் காகிதத்தைப் புரட்டி, வேறு பக்கத்தை எடுத்து, பேனாவை மூடித் திறந்தார். "அப்போ எதை எழுதட்டும் சார்?"

கணவன் வாயைத் திறந்தான். பிறகு அவள் பக்கம் கையைக் காட்டினான்.

"இதை" என்றாள்.

"பண்ணை வேலை கிடைக்கலேன்னா?" என்று கணவன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"தெரியல."

அவர்கள் மேசைக்குப் போனார்கள். அவள் இறங்கவில்லை. பின்னால் திரும்பி, வெறும் பளபளத் தரையைப் பார்த்துக்கொண்டு, மறுபடி கிளட்சை மிதித்தாள். அடிவரை போனது. விட்டாள். மறுபடி மிதித்தாள். ஒவ்வொரு தரமும் எட்டியது. ஒவ்வொரு தரமும், அடுத்த தரம் எட்டாமல் போய்விடுமோ என்றிருந்தது.