மருங்காபுரிக் குடும்பம்

ஜெர்மனிக்குப் போகிறேன் என்று மன்னார்புரம் முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நான்தான். அறுபதுகளின் தொடக்கம். வெல்டிங் பயிற்சிக்கு கம்பெனி அனுப்பியது. தெருவில் ஒருவர் ரேசர் கேட்டார், ஒருவர் கைக்கடிகாரம் கேட்டார். என் மனைவி வேலை பார்த்த ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்து ஆயா மட்டும் புருஷனைக் கேட்டார்.

மருங்காபுரிப் பக்கத்துக்காரர். மகளையும் அழைத்து வந்திருந்தார்.

"வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேந்து சண்டைக்குப் போனவரு சார். பாலைவனத்துல பிடிச்சு ஜெர்மனிக்குக் கொண்டுபோயிட்டாங்கன்னு ஒரு கார்டு வந்துச்சு. அதோட சரி. இருக்காருன்னா ஊரைச் சொல்லுங்க, இல்லேன்னா நாளைச் சொல்லுங்க. அவரு போனப்புறம்தான் இவ பொறந்தா. எழுதிப் போட்டேன். போய்ச் சேந்துச்சான்னே தெரியல."

மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஆயா பொட்டோடு பந்தலில் நிற்கலாமா, ஒதுங்கி நிற்க வேண்டுமா என்று கொழுந்தனார் பேச்சைக் கிளப்பியிருந்தார்.

புருஷன் பெயரை ஆயா வாயால் சொல்லமாட்டார். மகளை முழங்கையால் இடித்தார். அவள் சொல்ல, நானும் பெரிய துப்பறியும் ஆள் மாதிரி பெயரையும் இனிஷியலையும் குறித்துக்கொண்டேன்.

ராணுவ ஆவணக் காப்பகம் நான் இருந்த ஊரிலிருந்து ரயிலில் போகும் தூரம். ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். படிக்கிற அறையில் ஆளாளுக்குப் பழைய காகிதங்களில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். என் பூட்ஸ் சத்தம் எனக்கே அவமானமாக இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் கேட்டார்: "குடும்பப் பெயர்?"

இனிஷியலைக் காட்டினேன்.

"இது ஒரு எழுத்து. முழுப் பெயர்?"

அது அப்பா பெயர். அந்த அப்பா யார் என்று நான் கேட்டே வைக்கவில்லை! அந்தக் குளிரில் எனக்குச் சட்டை நனைந்தது. பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும், எனக்குத் திறந்துகொள்ளும். எங்கள் ஊரில் யாருக்கும் குடும்பப் பெயரே கிடையாது என்று விளக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்ததோ பட்டறை ஜெர்மன்: சூடு, பற்றவை, கையை எடு. அதை வைத்துத் தமிழர் பெயர் முறையை விளக்கினால் எப்படி இருக்கும்? என் குடும்பமே தீயில் போய்விட்டது என்று நினைத்திருப்பார். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

தண்ணீரோடு ஒரு பெட்டியும் வந்தது. பிடிபட்ட நம் ஆட்களைச் சேர்த்து ஜெர்மானியர் ஒரு படைப்பிரிவு அமைத்திருந்தார்களாம், அதன் அட்டைகள். நம் ஆளின் இனிஷியலில் தேடினேன், இல்லை. பெயரில் தேடினேன், இல்லை. எழுந்திருக்கப் போனபோது கண்ணில் பட்டது. குடும்பப் பெயர்: மருங்காபுரி.

நம்மவர்களும் என்னைப் போலவே விழித்து, கடைசியில் ஊரைச் சொல்லித் தப்பித்திருக்கிறார்கள்! மருங்காபுரி வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர்; மூவருக்கும் மூன்று அப்பா. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அறை முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

மூன்றாவது அட்டையில் மகள் சொன்ன பெயர் இருந்தது. அதற்குக் கீழே காசநோய், படை ஆஸ்பத்திரி, இறந்த நாள்.

திரும்பும் கப்பலில், எப்படிச் சொல்வது என்று முணுமுணுத்து ஒத்திகை பார்த்தபடியே வந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் நான் ஏதோ ஜபம் செய்கிறேன் என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார். ஊர் வந்து சேர்ந்தபோது கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஆயா வந்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லாதீங்க சார்."

"இல்லீங்க, அங்க..."

"வேணாம். காதுல விழுந்த நாள்லேருந்துதான் தீட்டு. நீங்க சொல்லலை, நான் கேக்கலை. எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறட்டும்."

ரகசியத்தைக் கொடுத்து வைக்க ஊரில் வேறு ஆளா இல்லை? நானோ ஓட்டை வாய். அந்த வாரம் முழுக்க வீட்டில் வாயே திறக்கவில்லை. டாக்டரைக் கூப்பிடலாமா என்று மனைவி கேட்டாள்.

கல்யாணப் பந்தியில் கொழுந்தனார் என் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"என்ன சார், எங்கண்ணனைப் பத்தித் துப்பு ஏதாச்சும் கெடச்சுதா?"

பந்தியே என்னைப் பார்த்தது. நான் முழு லட்டை எடுத்து வாயில் திணித்தேன். அது இறங்குவதற்குள் பக்கத்து இலை லட்டையும்.

"அட, பதிலைச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க!"

புரையேறிக் கண் பிதுங்கியது.

"ஜெர்மனிக்காரன் இவருக்குச் சோறே போடலை போலருக்கு!" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. நெற்றி நிறையப் பொட்டோடு ஆயா தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பசியோட இருக்கவரை ஏன் தொந்தரவு பண்றீங்க? போங்க அங்கிட்டு" என்று கொழுந்தனாரை விரட்டினார். போனார்.

மகள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு ஒரு காலையில் ஆயா என்னைக் காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு வரச் சொன்னார்.

"இப்பச் சொல்லுங்க."

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. நோயையும் நாளையும் அப்படியே சொன்னேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு இங்கதான் சார் வந்து தாலிக்கயிறு மாத்திக்கிட்டேன்."

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "அட்டையில இன்னொரு வரி இருந்துச்சுங்க. குழந்தைங்கிற எடத்துல ஒண்ணுன்னு போட்டு, பொண்ணுன்னு எழுதியிருந்துச்சு."

"பொண்ணுன்னேவா?"

"பொண்ணுன்னேதாங்க."

"அப்ப லெட்டரு போயிருக்கு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுக்குப்போட இறங்கினார். இரண்டு படி போய்த் திரும்பினார்.

"இதை மட்டும் அவகிட்ட நீங்களே சொல்லிருங்க சார். லட்டு திங்காம."