பத்தாவது சக்கரம்

நாக்கில் தொட்ட விரல் நுனியை வால்வின் வாயில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பாள் காத்தக்கா. எச்சில் குமிழியிட்டால் கசிவு. இல்லையென்றால் மூடியைத் திருகிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவாள். அழுத்தம் பார்க்கும் கேஜ் சட்டைப்பையில் இருக்கும். அவளுக்கு அது இரண்டாவது சாட்சிதான்.

டயர் கடை தம்பியுடையது. கடைக்குள் செல்லுபடியாவது அக்காவின் வாய். லாரிக்கு அடியிலிருந்து அவள் வெளிப்படும் முன்பே குரல் வந்துவிடும். "யாருடா இந்த நட்டை முறுக்கினது? மாமியார் மேல இருந்த கோவத்த இங்க காட்டியிருக்கான்!" மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலுக்குப் பதிலாகப் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை. டயர்களோடு பேசுவாள், மனிதர்களிடம் கத்துவாள்.

சக்கரத்துக்குள் இருந்தபடியே காற்றழுத்தத்தை ஓட்டுநரின் திரைக்குச் சொல்லும் சென்சர் வந்தபோது, "நமக்கெதுக்குக்கா இந்த வம்பு?" என்றான் தம்பி. அவள் கேட்கவில்லை. ஒரு கம்பெனி தன் இருபது லாரிகளுக்கும் வெளியே வாங்கிய அலுமினிய வீல்களை மாட்ட ஆள் தேடியது. பழைய இரும்பு வீலின் வால்வோடு ஒட்டிவந்த சென்சர் புது வீலின் துளைக்குப் பொருந்தாது. புதுச் சென்சரைப் பட்டை போட்டு வீலுக்குள்ளேயே இறுக்கலாம் என்று மேனேஜரிடம் அடித்துச் சொன்னவள் அவள்தான். "மொதல்ல ஒண்ணு செஞ்சு காட்டுங்க. சிவப்பு விளக்கு எரிஞ்சா வண்டிய கேட்டுக்குள்ளயே விட மாட்டோம்" என்றார் அவர்.

அந்த முதல் லாரிதான் இப்போது கடைவாசலில் நின்றது. பத்துச் சக்கரம், பத்துப் புதுச் சென்சர். கொஞ்ச தூரம் ஓடினால் வண்டியே அவற்றை அடையாளம் கண்டுகொள்ளும். ஒன்பதைக் கண்டுகொண்டது. பின்பக்கம் இடது உள்சக்கரம் மட்டும் பூஜ்யம். கேஜ் வைத்தால் நூற்றுப்பத்து. விரல் வைத்தால் குமிழி இல்லை. திரையில் மட்டும் சிவப்பு. சென்சரை மாற்றினாள், மறுபடி ஓட்டச் சொன்னாள். மறுபடியும் பூஜ்யம்.

"பழைய வீலயே மாட்டிரலாம்க்கா. மதியத்துக்குள்ள வண்டி போயாகணும். மீதி பத்தொம்பது நமக்கு வேணாம்" என்றான் தம்பி. ஸ்பேனரைக் கையில் எடுத்தும்விட்டான்.

"கைய வெட்டிருவேன், வை கீழ." அவள் லாரி ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். "டிரைவரண்ணே, இன்னொரு ரவுண்டு. இந்தத் தடவ நானும் வர்றேன்."

ஓடும்போது அவள் சாலையைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்தாள். அழுத்தத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு எண் உண்டு: சக்கரத்தின் சூடு. யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. ஒன்பது சக்கரங்களும் நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து என்று ஏறிக்கொண்டிருந்தன. பத்தாவது இருபத்துநான்கிலேயே சுகமாக இருந்தது.

"அண்ணே, ஓரங்கட்டுங்க."

"என்னம்மா?"

"கொதிக்கிற ரோட்டுல உருண்டுட்டு எந்தச் சக்கரம்ணே குளுகுளுன்னு இருக்கும்? இந்தக் கணக்கச் சொல்ற சென்சர் ரோட்டுலயே இல்ல. நம்மகூட ஏசியில உக்காந்திருக்கு."

ஓட்டுநரின் முகம் மாறியது. இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்தார். கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியில், நகைபோலச் சுற்றிய பழைய சென்சர் ஒன்று. "போன மாசம்தாம்மா மாத்தினது, கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நாளைக்குக் கணக்குக் கேட்டா? அதான் இத மட்டும் எடுத்து வச்சேன்..."

"நல்லா வச்சீங்க! பழைய மாப்பிள்ளை எந்திரிக்காம புதுசு எங்க உக்காரும்?" அவள் சிரித்த சிரிப்பில் வண்டியே ஒருமுறை குலுங்கியிருக்கும். பழையது இன்னும் காதுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும்வரை, வண்டி புதியதைத் திரும்பிப் பார்க்காது.

"இதக் கடையில விட்டுட்டுப் போக முடியாதும்மா. திருப்பிக் குடுக்கணும்."

அவள் யோசிக்கவே இல்லை. தோள்பையிலிருந்து தன் எவர்சில்வர் சோற்று டப்பாவை எடுத்துத் திறந்து, காலையிலேயே சாப்பிட்டுக் கழுவி வைத்திருந்த அதற்குள் சென்சரைப் போட்டு, மூடியை உள்ளங்கையால் அறைந்து மூடினாள். "இரும்புக்குள்ள கெடந்து கத்தட்டும், யாருக்குக் கேக்கும்? டப்பா மட்டும் எனக்குத் திரும்பி வரணும், சொல்லிட்டேன்."

வண்டி கடைக்குத் திரும்பியபோது தம்பி ஸ்பேனரோடு வாசலிலேயே நின்றிருந்தான். சன்னல் வழியே எட்டிப் பார்த்தான். சிவப்பு இல்லை. பத்து எண்கள், பத்தும் பச்சை. பத்தாவதில் நூற்றுப்பதினான்கு, சூடு நாற்பத்துநான்கு.

"அக்கா... அந்த மேனேஜருக்கு நானே போன் போடட்டா?" என்றான். ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

காத்தக்கா விரல் நுனியை நாக்கில் தொட்டு, திரையில் அந்தப் பத்தாவது எண்ணின்மேல் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். குமிழி எதுவும் வரவில்லை.