பதினேழின் இடது பின்னங்கால்

எங்கள் சலவைக் கடையின் கவுண்டரில் இருக்கும் அக்காவிடம் ஒரு சட்டையைக் கொடுத்துப் பாருங்கள். மடிப்பைப் பிரித்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, காலரைத் திருப்பி, பொத்தான்களை எண்ணிவிட்டுத்தான் ரசீதுப் புத்தகத்தைத் திறப்பார். ‘காலர் ஓரம் நைந்தது. மூன்றாவது பொத்தான் வேறு நிறம். பையில் மைக்கறை. எல்லாம் வரும்போதே இருந்தது.’ எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் உங்கள் சட்டையின் வண்டவாளம் தெரிந்துவிடும். ஆனால் நாளைக்கு வந்து, ‘இந்தக் கறை உங்க கடையில வந்தது’ என்று யாரும் வாய் திறக்க முடியாது.

நான் உள்ளே இஸ்திரி போடுகிறவன். கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன். நாள் முழுக்கக் கொதிகலன் பக்கத்தில் நின்று பார்த்தால் யாருக்கும் அந்தப் பெயர் வந்துவிடும். அந்தக் கொதிகலனில் தேங்கும் சுடுநீரைத் தினம் இரண்டு தடவை ஒரு தகர டிரம்மில் பிடித்து, ஆறவைத்து, தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்ட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. டிரம்மைத் தூக்கி என் இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம். அதனால் ஒரு ரப்பர் குழாயைச் செருகிப் பின்வாசல் பக்கமாக வெளியே விட்டுவிட்டேன். அது முதலாளிக்குத் தெரியாது.

அக்காவின் நாய் வந்ததும் அந்தப் பின்வாசல் வழியாகத்தான். ஒரு மழை நாளில் உள்ளே நுழைந்த குட்டி, யாரும் வாங்க வராத துணிகளை வைக்கும் அலமாரியில், பதினேழாம் தட்டில் கிடந்த போர்வை மேல் ஏறிச் சுருண்டுகொண்டது. அக்கா வழக்கம்போல எழுதினார்: ‘நாய்க்குட்டி ஒன்று. வயது இரண்டு மாதம் இருக்கலாம். கலப்பினம். வலது காது மடங்கியது. வயிற்றில் வெள்ளைத் திட்டு, கறை அல்ல.’ தேதி போட்டார். உரிமையாளர் கையெழுத்து இடத்தில் ஒரு கோடு இழுத்தார். யாரும் தேடி வரவில்லை. பதினேழு என்ற பெயரோடு அது அக்கா வீட்டுக்குப் போனது. அக்காவுக்குப் பிள்ளைகள் கிடையாது, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம். காலையில் அவரோடு கடைக்கு வரும், மாலையில் அவரோடு திரும்பிப் போகும். உடம்பு ஒரு பெரிய ஜாதி நாயுடையது, கால்கள் ஏதோ ஒரு சின்ன நாயிடம் இரவல் வாங்கியவை.

இந்த வருடம் அக்காவின் பக்கத்து வீட்டு நாய்க்கு முழங்கால் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சைக்கு அவர்களால் முடியவில்லை. ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இன்சூரன்ஸ்காரரைக் கடைக்கு வரச் சொன்னார்.

அவர் மூன்று தாள்களைக் கவுண்டரில் பரப்பினார். முதலாவது, தாய் தகப்பன் இனத்துக்குச் சான்றிதழ் உள்ள நாய்களுக்கு மட்டும்.

“அப்பா யாருன்னு தெரியலைன்னா நோய் வராதாமா?” என்றார் அக்கா. அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது விபத்துக்கு மட்டும். மூன்றாவது கலப்பினத்துக்கும் உண்டு, நோய்க்கும் உண்டு, மூட்டு அறுவை சிகிச்சைக்கும் உண்டு. ஆனால் எட்டு வயது முடிந்துவிட்டால் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். ரசீதுப் புத்தகத்துத் தேதிப்படி பதினேழுக்கு எட்டு முடிய ஐந்து வாரம் இருந்தது.

“இதுதான் வேணும்,” என்றார் அக்கா. விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நாயை மேசை மேல் ஏற்றி, விளக்கை இழுத்துப் பிடித்தார். அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கேட்டுத் தொலைத்திருக்கலாம். எனக்கு அன்றைக்கு நாற்பது திரைச்சீலை பாக்கி.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அதை வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா எழுதி அனுப்பியதன் நகலும் கூடவே இருந்தது. ‘வலது காது மடங்கியது. கீழ்ப்பல் ஒன்று உடைந்தது. கழுத்தில் முடி குறைவு. இடது பின்னங்கால், படியேறும்போது மூன்று மாதமாகத் தூக்கி வைக்கிறது. காரணம் தெரியாது.’ கம்பெனிக்காரர்கள் ஒன்றைக் கூட விடவில்லை. காது, பல், தோல் எல்லாம் இன்சூரன்ஸிலிருந்து நீக்கம்; அவற்றுக்குப் பணம் வராது. ஒரு கால் நொண்டினால் மறுகாலும் கெடும் என்று பின்னங்கால் இரண்டுமே நீக்கம்.

“வாலுக்குத்தான் இன்சூரன்ஸ் வாங்கியிருக்கீங்க,” என்றேன். “அக்கா, இந்தத் தடவை கவுண்டர்ல நின்னு வாங்குறது கம்பெனி. கொடுக்குறது நீங்க. துணி கொடுக்குறவங்களே எங்கயாவது கறையை எண்ணி எழுதிக் கொடுப்பாங்களா?”

அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு அப்படித் தோணவே இல்ல தம்பி. ஃபாரத்தைப் பாத்ததும் கை தானா எழுதிடுச்சு,” என்றார். “காதும் பல்லும் போகட்டும். கால்தான் வேணும். அதுக்காகத்தானே எல்லாம்.”

இன்சூரன்ஸ்காரர் நல்ல மனிதர். இதை ரத்து செய்துவிட்டு வேறொரு கம்பெனியில் போடலாம் என்றார். “டாக்டர் எழுதி வைக்காத ஒண்ண நீங்களா எதுக்கு எழுதணும்? காலைப் பத்திப் பேசாதீங்க. அவ்வளவுதான்.”

நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அக்கா புது விண்ணப்பத்தை முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். ‘ஏற்கெனவே உள்ள குறைகள்’ என்ற இடம் காலியாகவே கிடந்தது.

“இல்லைன்னு எழுதுங்க. யாருக்கு என்ன நஷ்டம்?”

“எழுத வரல.”

“ஏன் வரல? ஒரு வார்த்தைதானே?”

“உன் கோட்டு விஷயத்துல ஒரு வார்த்தை எழுதாம விட்டேனே, ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு வாடிக்கையாளரின் கோட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருந்தது. முதலாளி என்னை அந்த நிமிடமே வீட்டுக்குப் போகச் சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு நான் வாசல் வரைக்கும் போய்விட்டேன். அக்காதான் குறுக்கே வந்து, “அது வரும்போதே இருந்துச்சு. நான் பாத்தேன், எழுதல. தப்பு என்னோடது,” என்றார். கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு முதலாளி அவரைக் கால் மணி நேரம் வறுத்தெடுத்தார். அக்கா தலை குனியாமல் கேட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த ஒன்றுவிடாமல் எழுதும் பழக்கம். அவரிடம் போய்ப் பொய் எழுதச் சொல்கிறேன், நான். எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

“சரி, டாக்டர்கிட்டயாவது காட்டுவோம். காரணம் தெரிஞ்சா கம்பெனியில மறுபடி கேக்கலாம்,” என்றேன்.

மறுநாள் அக்காவும் நானும் பதினேழைக் கூட்டிக்கொண்டு மிருக டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா அதை மேசையில் படுக்க வைத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அது என் மணிக்கட்டை நக்கியது. டாக்டரம்மா முழங்காலை மடக்கினார், நீட்டினார், இடுப்பை அழுத்தினார்.

“மூட்டுல ஒண்ணுமே இல்லம்மா. நல்லா இருக்கு.” பிறகு பாதத்தைத் திருப்பி விரல்களை விரித்தார். “இங்க பாருங்க. தோல் பளபளன்னு இருக்குல்ல? சூடு பட்டு ஆறினது. ஒரு தடவை இல்ல, பல தடவை. படியைப் பாத்தாலே பயந்து காலைத் தூக்குது. வீட்டுல எங்கயாவது சூடான இடம் இருக்கா?”

“வீட்டுல படியே இல்லையே,” என்றார் அக்கா. “அது கடையிலதான் படி ஏறும். பின்வாசல்ல.”

காலையில் அக்காவும் பதினேழும் வரும் நேரமும் நான் கொதிகலன் வால்வைத் திறந்து சுடுநீரை விடும் நேரமும் ஒன்று. ரப்பர் குழாயின் வாய் அந்தப் படியின் இடது ஓரத்தில்தான் கிடக்கிறது. மூன்று மாதமாக.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்காவுக்குச் சந்தேகம் வந்திருக்காது. குழாயை அன்றைக்கே கழற்றி எறிந்திருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். ஆனால் காரணம் தெரியாது என்ற வரி அந்தத் தாளில் அப்படியே இருந்திருக்கும், பதினேழின் கால்களும் நீக்கத்திலேயே கிடந்திருக்கும். அது இன்னும் என் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது.

“நான்தான்க்கா,” என்றேன். குழாயைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. நாயின் பாதத்தைக் கைக்குள் எடுத்துத் தடவிக்கொடுத்தார். டாக்டரம்மாதான் பேசினார். “சூடு பட்ட காயம், நோய் இல்லைன்னு நான் சர்டிஃபிகேட் தரேன். எப்படிப் பட்டதுன்னு நீங்க ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. ரெண்டையும் சேத்து அனுப்பினா கால் மேல இருக்கிற நீக்கத்தை எடுத்துடுவாங்க.”

கடைக்குத் திரும்பியதும் எழுத உட்கார்ந்தேன். பத்து வரி எழுதுவதற்குள் இருநூறு சட்டை தேய்த்த மாதிரி வியர்த்துவிட்டது. அக்கா அந்தத் தாளை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தார்.

“எத்தனை நாளான்னு எழுதல.”

எழுதினேன்.

“டிரம்மைத்தான் பயன்படுத்தணும்னு உனக்குத் தெரியும். அதையும் எழுதல.”

“அதுவும் வேணுமாக்கா?”

“நான் அன்னைக்கு எழுதாம விட்டது ஒரே ஒரு வார்த்தை தம்பி.”

அதையும் எழுதினேன். அக்கா வழக்கம்போல உரக்கப் படித்துக் காட்டினார். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்து நின்றதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அன்றைக்கு என் முறை. நான்கு வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முழுதாகக் கால் மணி நேரம். அக்கா குறுக்கே வரவில்லை. வரவும் கூடாது. முதலாளி ஓய்ந்ததும் அக்கா, “கையெழுத்துப் போடு,” என்று பேனாவை நீட்டினார்.

எட்டு வயது முடிய ஆறு நாள் இருக்கும்போது கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பின்னங்கால் இரண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டன. காதும் பல்லும் கழுத்துத் தோலும் வெளியேதான். அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, பதினேழின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

நான் இப்போது டிரம்மில்தான் பிடிக்கிறேன். பின்வாசல் படி காய்ந்து கிடக்கிறது. இருந்தும் பதினேழு அங்கே வந்ததும் நின்று, இடது காலைத் தூக்கித்தான் ஏறுகிறது. பழக்கம் போக நாளாகும் என்கிறார் டாக்டரம்மா. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் அக்கா எட்டு வருடத்துக்கு முந்தைய ரசீதுப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். வலது காது, வெள்ளைத் திட்டு என்ற வரிகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுதி, புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். இத்தனை வருடத்தில் அந்தக் கவுண்டரில் யாருக்கும் அவர் எழுதிக் கொடுத்திராத வரி அது.

‘இடது பின்னங்கால். கடையில் வந்தது.’

பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.