மூன்றாவது கம்பி

யூட் அண்ணையின் உயிரைப் பறித்தது மின்சாரம்தான் என்று மரண விசாரணை அதிகாரி குடும்பத்துக்குச் சொல்லிவிட்டார். அண்ணையின் மனைவி மெற்றில்டா அக்கா நேற்று மாலை இதைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னார். மாரடைப்பு என்றுதான் அதுவரை நம்பியிருந்தோம்.

அஜின்கோர்ட் மண்டபம் ஒன்றில் பிறந்தநாள் விழா. கையில் பேஸ் கிற்றாரோடு பாட வாய் எடுத்தவர், உதடு மைக்கில் பட்டதும் விழுந்தார். அவருடைய அம்பிளிஃபயர் செருகப்பட்டிருந்த நீட்டிப்பு வயரில், கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் மூன்றாவது கம்பி வெட்டப்பட்டிருந்ததாக அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அவரோடு மேடை ஏறியவர்களுக்கு இது ஏன் உறுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக மார்க்கம் நகரில் நடந்த ஒரு கலியாண வரவேற்பைச் சொல்கிறேன். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் நிற்க, மேடையில் ஒரே இரைச்சல். அவருடைய குழுவில் கீபோர்ட் வாசிக்கும் சுரேன் அவசரப்பட்டான்.

"அண்ணை, அந்த மூண்டாவது கம்பியை வெட்டிவிடுவம். இரைச்சல் நிண்டிடும்."

"ஓம், நிக்கும். உன்ரை மூச்சும் சேர்ந்து நிக்கும். உது என்ன வயர் குத்தியிருக்கிறாய்?"

"எல்லாம் ஒண்டுதானே அண்ணை. முனை பொருந்துது."

"உன்ரை சப்பாத்து எனக்கும் பொருந்தும். அதுக்காக நான் போடுறதே?"

சுரேன் கீபோர்ட்டில் குத்தியிருந்தது ஸ்பீக்கர் வயர். வாத்திய வயரில் உள்கம்பியைச் சுற்றிச் செப்பு வலை இருக்கும். வெளியிரைச்சலைத் தடுப்பது அதுதான். ஸ்பீக்கர் வயரில் அது இல்லை. பெண்ணின் மாமா கீழே நின்று கத்த, அண்ணை நிதானமாக வயரை மாற்றினார். இரைச்சல் அடங்கிய பிறகே தவில்காரருக்குத் தலையசைத்தார்.

நான் கிற்றார் பழகத் தொடங்கியபோது வயர் வாங்க என்னோடு கடைக்கு வந்ததும் அவர்தான். தங்க முலாம் பூசிய முனையைக் காட்டி விற்பனையாளர் பேசிக்கொண்டேயிருந்தார். அண்ணை முனையைக் கழற்றி, ஈயப்பற்று ஒழுங்காக இருக்கிறதா, வலை நெருக்கமாகப் பின்னியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வயரைக் கையில் சுற்றி, முறுகாமல் விரிகிறதா என்று பார்த்தார். "மினுக்கத்தை மெற்றில்டாவுக்கு வாங்கலாம். உனக்கு உள்ளுக்குள்ளை இருக்கிறதுதான் வேணும்" என்றார். வேண்டியதைவிட நீளமானதை எடுக்க விடவில்லை.

அப்படிப்பட்டவர்.

இறுதிச் சடங்கு முடிந்து வெளியே நின்றபோது சுரேன் அழுதபடி சொன்னதை நேற்றுவரை நான் பெரிதாக எடுக்கவில்லை. "அந்த நீட்டு வயர் எங்கடை இல்லை. மண்டபத்திலை கிடந்தது. ஆனா அண்ணைதான் செருகினவர். நான் கண்டனான்."

நேற்று அதை அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "பாக்காமல் செருகினவரோ, தம்பி? இல்லாட்டி பாத்தும் செருகினவரோ? சனம் ரெண்டையும் கதைக்கும். எனக்கு அது தெரியவேணும்."

என்னிடம் அண்ணை தேர்ந்து தந்த வயர் மட்டும்தான் இருக்கிறது. இன்று காலை அதன் முனையைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டினேன். இனி அப்படித்தான் செய்வேன்.

கம்பியை வெட்டியது அண்மையிலா, எப்போதோவா என்பதை மின்பாதுகாப்புப் பரிசோதகர்களின் அறிக்கை சொல்லக்கூடும். அடுத்த மாத இறுதிக்குள் கிடைக்கும் என்று குடும்பத்துக்கு அறிவித்திருக்கிறார்கள். அண்ணை அதைப் பார்த்தாரா என்பது அதில் இருக்காது என்று அக்காவிடம் சொன்னேன்.

"தெரியும் தம்பி. எண்டாலும் வரட்டும்."