உத்திராபதி நடந்த தூரம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு வெற்றிச்செல்வி அக்கா போன் செய்தார். அரும்பாவூரில் சின்ன வெங்காய மூட்டைகளை ஏற்றிவிட்டுத் தண்ணீர் கேட்ட உத்திராபதி, தண்ணீர் வருவதற்குள் இறந்துவிட்டாராம். ஐம்பத்து மூன்று வயது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அவரை நினைத்தால் எப்போதும் அப்படித்தான்.

பெரம்பலூரில் லோடு ஆட்டோ ஓட்டியவர். ஆகஸ்ட் கடைசியில் எங்கள் மாதா கோயில் பங்கிலிருந்து நாற்பது பேர் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்போம். அரியலூர், திருமானூர், தஞ்சாவூர் வழியாக நூற்றெழுபது கிலோமீட்டர், ஆறு நாள். அரிசி, அண்டா, பாய், மைக் செட் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வருவார். அவர் வீட்டில் கும்பிடுவது அய்யனாரை. ஆனாலும் ஒன்பது வருடம் முதல் கியரில் செபமாலை கேட்டு வந்ததில் மாதா மன்றாட்டு முழுக்க அவருக்கு மனப்பாடம். வெற்றிச்செல்வி அக்கா மைக்கில் முன்னால் சொல்ல, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று எல்லாரையும்விட உரக்கச் சொல்வது அவர்தான். நடக்கிற எங்களுக்கு மூச்சு வாங்குமே.

அவர் மனைவி வளர்மதி கேலி செய்யாமல் விட மாட்டார். "ஒம்பது வருசமா நடைபயணம் போயிட்டு வராரு. அந்தக் காலப் பாருங்க சார், கல்யாண மாப்ள காலு மாதிரி இருக்கு."

போன வருடம் வளர்மதிக்கு வயிற்றில் கட்டி. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வருவதற்கு முன்பே உத்திராபதி மாதாவிடம் பேசிவிட்டார்: நல்லபடியாக வந்தால் ஓர் அடி விடாமல் நடந்தே வருகிறேன். முடிவு நல்லபடியாகவே வந்தது. அதிலிருந்து அவருக்கு ஒரே பயம், ஓர் அடி குறைந்தாலும் கட்டி திரும்பி வந்துவிடும் என்று.

அதனால் ஸ்டியரிங்கை மச்சான் சாமிதுரையிடம் கொடுத்துவிட்டு, அவரும் காவி வேட்டியில் எங்களோடு நடந்தார். நான்கு நாளும் பின்னால் திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டுதான் நடந்தார். "மாப்ள, கிளட்ச்சுல கால வச்சுக்கிட்டே வராத. அது உன் வூட்டு அம்மிக்கல்லு இல்ல."

ஐந்தாம் நாள் காலை, கோயில்வெண்ணியைத் தாண்டியதும் வண்டியின் இடது சக்கரம் தார்ச்சாலையை விட்டுச் சேற்றில் இறங்கிவிட்டது. பின்னால் இரண்டு பேருந்துகள் ஹாரன் அடித்தன. சாமிதுரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் புதைந்தது. "எறங்குடா" என்று உத்திராபதி ஏறி உட்கார்ந்தார். ஒரு ரிவர்ஸ், ஒரு திருப்பு, வண்டி மேலே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றுவரை யாராலும் சரியாக விளக்க முடியவில்லை. அவர் இறங்கவில்லை. சாமிதுரை தப்பித்தோம் என்று எங்களோடு கைவீசி நடந்தார். பின்னால் வழக்கம்போல முதல் கியர் சத்தம், வழக்கம்போல "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." ஒன்பது வருடமாக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகம்தானே, எங்களுக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றோம். வண்டியை அணைத்துவிட்டு இறங்கியவர் தன் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"சார், நான் எப்ப ஏறினேன்?"

நாற்பது பேரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அப்போதே வந்த வழியில் நடக்கக் கிளம்பியவரை, தனியாக விட மாட்டேன் என்று அக்கா கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

மறுநாள் மாலை வேளாங்கண்ணி. நடந்து முடித்தவர்களிடம் பெரிய பரவசம் இருக்கும் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கோபுரத்தைப் பார்த்ததும் நான் நினைத்தது வெந்நீரைத்தான். பாதி பேர் மண்ணிலேயே தூங்கிவிட்டார்கள். நடப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. உத்திராபதிக்கு அந்தக் குறை இல்லை.

"கும்பிட்டுக்கறேன். ஆனா நான் இன்னும் வந்து சேரல" என்றார்.

"மாதா என்ன, கிலோமீட்டர் பாத்துக்கிட்டா நிக்கிறா?" என்றார் அக்கா.

"அவங்க பாக்க மாட்டாங்கக்கா. எனக்குத்தான் இருபத்தஞ்சு வருசமா மீட்டர் பாத்துப் பழக்கம்."

மணலில் முழங்காலிட்டுப் போனால் ஈடாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். முழங்காலிட்டும் போனார். எழுந்து, "இது வேற, அது வேற" என்றார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு பேருந்தில் கோயில்வெண்ணிக்குப் போனார். சேற்றில் இறங்கிய இடத்தை நான் தோராயமாகக் காட்டினேன். அவர் ஒத்துக்கொள்ளாமல் இருபது அடி பின்னால் போய் நின்று தொடங்கினார். வழியில் பழுதாகி நின்ற டிராக்டரைப் பார்த்ததும் அதைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம். டிராக்டர்காரர் நீடாமங்கலம் வரை ஏறிக்கொள்ளச் சொன்னதும், பாம்பைப் பார்த்தது போலத் துள்ளி விலகினார்.

கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நல்ல மழை. கேட் சாத்தியிருந்தது. ரயில் போய்க் கேட் திறந்ததும் எதிரே முதலாவதாக வந்தது தஞ்சாவூர் பேருந்து. கை காட்டி நிறுத்தியது நான்தான்.

"கொஞ்ச தூரந்தான் சார், ஒரு எட்டு நடந்துடறேன்."

"அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம், ஏறுங்க" என்றேன். எனக்குக் காலையில் ஆபீஸ்.

அடுத்த ஞாயிறு அவருக்கு லோடு இருந்தது. அதற்கடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். பிறகு பொங்கல் வந்துவிட்டது.

வளர்மதி நன்றாக இருக்கிறார். போன வாரப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. கேட்டிலிருந்து அந்த டீக்கடை வரை எண்ணூறு மீட்டர் இருக்கும். அதை அவர் நடக்கவில்லை.