பச்சைக் கற்பூரம் சில்லென்றது

அன்பர்களே, எனக்குச் சோறு போட்டது என் மூக்குதான். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஓர் ஊதுவத்திக் கம்பெனியில் வாசம் பார்க்கிற வேலை. உருட்டிக் காய்ந்த வத்தியைத் தோய்ப்பதற்கு முன், வாசனை எண்ணெய்க் கலவை ஒவ்வொன்றையும் முகர்ந்து சரியா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். பதினோரு வருஷம் சொன்னேன். தொண்ணூற்றேழாம் வருஷம் அந்த மூக்கு என்னைக் கைவிட்டது.

முதலில் சளி என்று நினைத்தேன். பிறகு பீனிசம் என்றார்கள். ஆவி பிடித்தேன், தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் விளக்கு வைத்துப் பார்த்து, மூக்கின் இரண்டு பக்கமும் திராட்சைக் கொத்து மாதிரி சதை வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். சில மாதம் நிம்மதி. பிறகு சதை திரும்பவும் வளர்ந்துவிட்டது. வாயால்தான் மூச்சு. நெற்றியில் அம்மியைத் தூக்கி வைத்ததுபோல் பாரம். ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

கம்பெனியில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கூட வேலை பார்க்கும் ரத்னாவிடம் கிண்ணத்தை நீட்டி, "எப்படி இருக்கு, சொல்லு பாக்கலாம்" என்று பரீட்சை வைப்பதுபோல் கேட்பேன். அவள் சொல்வதையே நானும் சொல்வேன். எத்தனை நாள் ஓடும் இந்த நாடகம்? பூஜை அறையில் முருகனோடு சண்டை போட்டேன். "சந்தனத்துக்கும் சாணிக்கும் வித்தியாசம் தெரியாதவளா ஆக்கிட்டியேப்பா" என்று அழுதேன். வாசத்தைத் திருப்பிக் கொடு, பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

நம் கிருத்திகைக் குழுவில் பாடும் சரோஜாவை உங்களுக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூக்குச் சதைக்கு அங்கே ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்ப்பதாக அவள்தான் சொன்னாள். கன்னடக்கார லேடி டாக்டர் ஒருவர் உட்காரவைத்து விளக்கினார். சிலருக்கு மூக்கில் அடிக்கிற மருந்து, சிலருக்கு அதே மாதிரி பாட்டிலில் மருந்தில்லாத வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. தினமும் காலையும் மாலையும் ஓர் அட்டையில் மூக்கடைப்பு எவ்வளவு, வாசம் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். விளக்கு வைத்துப் பார்ப்பது ஆரம்பத்திலும் முடிவிலும் மட்டும். நடுவில் அந்த அட்டையை வைத்துத்தான் எல்லாம். "எலிக்குப் பண்றத உனக்குப் பண்ணப்போறாங்களாடி?" என்றார் என் வீட்டுக்காரர். தமிழில் அச்சடித்த தாளை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். "முருகா, மருந்து பாட்டிலையே என் கையில் கொடு" என்பது அன்றிலிருந்து என் ஜபம்.

மூன்றாவது வாரம் ஆடிக் கிருத்திகை. அபிஷேகத் தீர்த்தத்தை உள்ளங்கையில் வாங்கி வாயருகே கொண்டுபோனேன். அதில் பச்சைக் கற்பூரம் கரைத்திருந்தார்கள். மூக்குக்குள் சுருக்கென்று ஒரு குளிர்ச்சி ஏறியது. "வாசம் வந்துருச்சு!" என்று கத்திவிட்டேன். நீங்கள் எல்லோரும் அரோகரா போட்டீர்கள். என்னை முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னீர்கள். முருகன் கண் திறந்துவிட்டான் என்று அழுதுகொண்டே பேசினேன். அன்று நான் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே வந்துவிட்டது என்றுதான் நம்பினேன்.

மறுநாள் காலை கம்பெனியில் மல்லிகைக் கலவையைத் திறந்தேன். ஒன்றுமில்லை. சந்தனம், தாழம்பூ, ஒன்றுமே இல்லை. பச்சைத் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டு, இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? முருகனுக்கே அவமானம் என்று நினைத்தேன். அவன் மானத்தைக் காப்பாற்ற நான் புறப்பட்டேன், அதைச் சொல்லுங்கள்! சரோஜா வேறு சந்தோஷத்தில் ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டாள். அதனால் அட்டையில் வாசம் என்ற கட்டத்தில் தினமும் "நன்றாக இருக்கிறது" என்று குறித்தேன். காலையில் ஒரு பொய், மாலையில் ஒரு பொய். விளக்கேற்றும்போது முருகன் முகத்தைப் பார்க்காமலே திரியைத் தூண்டிவிட்டு வந்துவிடுவேன்.

இரண்டாவது மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சரோஜா ஒரு பெண்ணை என்னிடம் கூட்டிவந்தாள். முனியம்மா, ஆனேக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்தவள். அவளுக்கும் மூக்குச் சதை, கூடவே இழுப்பு. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. அடுத்த வாரம் அவளுக்கு ஆபரேஷன் நாள் குறித்திருந்தார்கள்.

"அக்கா, நிஜமாவே வாசம் வந்துருச்சா? சாமி கும்புட்டுக்கினே மூக்குல மருந்து அடிச்சா போதும்னாங்க. அப்ப எனக்கு ஆபரேஷன் பேடான்னு சொல்லிடட்டுமா?" என்றாள்.

என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இவள் ஊருக்குப் போய், மூச்சு நின்று போனால்? கண்ணை மூடினேன். முருகா, என் மூக்கை விடு, என் வாயை மட்டும் நேராக்கு என்று கேட்டேன். வாழ்நாளில் நான் செய்த மிகச் சின்னப் பிரார்த்தனை அது. அதற்குத்தான் உடனே பதில் கிடைத்தது.

"வரலைம்மா. எனக்கு வாசம் வரவே இல்ல. நான் பொய் சொல்லிக்கினு இருக்கேன். நீ ஆபரேஷன் பண்ணிக்கோ" என்றேன்.

சரோஜா முகம் வெளுத்துவிட்டது. அவளே என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அட்டையை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் திட்டவில்லை. "அழ பேடிம்மா" என்று கன்னடத்தில் தேற்றினார். பிறகு தன் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "கற்பூரம் வாசம் இல்லாம கூட மூக்குல குளிரா தெரியும்மா. அது தப்பு இல்ல, யாருக்கும் ஆகும். ஆனா இந்த அட்டைய நம்பி நாளைக்கு எங்கயோ ஒருத்தருக்கு மருந்து குடுப்பாங்க. அதுக்குத்தான் நெஜம் வேணும்."

அட்டையில் எதையும் அழிக்க விடவில்லை. ஆடிக் கிருத்திகைக்குப் பிறகு வாசத்தைப் பற்றி எழுதியது எதுவும் உண்மையில்லை என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்போதே விளக்கு வைத்துப் பார்த்தார். சதை முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. சோதனையிலிருந்து என்னை எடுத்துவிட்டு அந்த வாரமே மாத்திரை ஆரம்பித்தார். பிறகு ஆபரேஷன். அதற்குப் பிறகு தினமும் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவி, ஏற்கெனவே எல்லோருக்கும் கொடுக்கிற மருந்தை அடிக்கச் சொன்னார். சோதனையில் என் கைக்கு வந்தது மருந்தா தண்ணீரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். கத்தினார். பாக்கிங்குக்கு அனுப்பினார். அது நியாயம்தான்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம். வேலை முடிந்து ரயில் பாலத்துக்கு அடியில் வந்துகொண்டிருந்தேன். சாக்கடை பொங்கி நின்றது. எல்லோரும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஓடினார்கள். நான் நின்றுவிட்டேன். நாறியது! அழுகின முட்டைக்கோசு, ஈரச் சாக்கு, டீசல், எல்லாம் தனித்தனியாக நாறியது. நடுப்பாதையில் நின்று முருகா முருகா என்று அழுதேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த கிருத்திகைக்கு உங்கள் முன்னால் வந்து நின்றேன். ஆடியில் சொன்னது தப்பு என்பதை முதலில் சொன்னேன், சாக்கடையை அப்புறம்தான் சொன்னேன். யாரும் அரோகரா போடவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து சரோஜா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தேன். கம்பெனியில் முதலாளி பேர் எழுதாத ஏழு கிண்ணத்தை வரிசையாக வைத்தார். ஆறைச் சரியாகச் சொன்னேன். ஏழாவது தெரியவில்லை என்றேன். அன்றே பழைய இடத்தில் உட்காரச் சொன்னார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, முனியம்மா ஆனேக்கல்லில் இப்போது பூ விற்கிறாள்.

உங்களில் யார் வீட்டிலாவது நோயோ கஷ்டமோ இருந்தால் அவனிடம் கேளுங்கள். டாக்டரிடமும் போங்கள். இன்னும் சரியாகவில்லை என்றால் இரண்டு பேரிடமும் அதை அப்படியே சொல்லுங்கள். அவனுக்காக நாம் பொய் சொல்ல வேண்டியதில்லை.

கிருத்திகைக்குக் கிருத்திகை தீர்த்தம் வாங்கும்போது இப்போதும் முதலில் மூக்கில் சில்லென்றுதான் இருக்கும். நான் வாயைத் திறப்பதில்லை. அதற்குப் பின்னால் வருகிற வாசத்துக்காகக் கையை ஏந்தியபடி நிற்பேன். அது வரும்.