உப்புப் பூத்த சுவர்

நான் மேசன். துறைமுகப் பக்கத்தில் மீன் நிறுக்கிற பழைய கட்டிடம் ஒன்று இருக்கிறது. அதன் வெளிச்சுவரைப் போன வருடம் நான்தான் பூசினேன். ஆற்றுமண் லொறி வரவில்லை. முதலாளி அவசரப்படுத்தினார். கடற்கரை மண்ணை அள்ளி, கிணற்றுத் தண்ணீரில் கழுவாமல் அப்படியே குழைத்தேன். பிழை என்று தெரிந்தேதான் செய்தேன்.

மாரி மழை விட்டதும் சுவரில் உப்புப் பூத்தது. வெள்ளையாக ஒரு முகம், நடுவில் கறுப்பாக இரண்டு கண். அம்மன் என்று யாரோ ஒருத்தி சொன்னாள். மூன்றாம் நாள் அங்கே மீன் நிறுக்க இடமில்லை. நிலாவெளி, சம்பூர் என்று பஸ் பிடித்து வந்தார்கள். தராசு நின்ற இடத்தில் கற்பூரம் எரிந்தது.

"உன்ர கைவேலைக்குத்தான் தேங்காய் உடைக்கினம். நீயும் ஒரு பூணூலைப் போட்டுக்கொண்டு நில்லன்," என்றார் அங்கே மீன் வெட்டுகிற ஒருவர்.

நான் சிரிக்கவில்லை. அந்தச் சனத்துக்குள் என் அக்கா இருந்தாள்.

அவளுடைய ஒரே மகன் சண்டைக் காலத்தில் இந்தக் கரைக்கு வலை எடுக்கப் போனவன். திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அவள் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. இப்போது அம்மனிடம் நேர்த்தி வைத்துவிட்டாள். மகனைப் பற்றி ஒரு சேதி வரும்வரை சோறு தொடமாட்டாள். தண்ணீரும் ஒரு இளநீரும்தான். பன்னிரண்டாம் நாள் இளநீரையும் பாதியில் வைத்துவிட்டாள். இப்படியே விட்டால் செத்துப்போவாள்.

அடுத்த நாள் விடிய, சனம் வருமுன் போனேன். சுவரடியில் இருந்தாள்.

"அக்கா, இது அம்மன் இல்லை. உப்பு. கழுவாத மண்ணில பூசினனான்."

"தெரியும். என்ர குசினி அடுப்படிச் சுவரும் நீதானே பூசினனீ. அங்கயும் பூத்தது. ஆனா அங்க கண் வரேல்லையே."

அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள்.

"கண் எப்பிடியடா வந்தது?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"அதில ரெண்டு ஓட்டை இருந்தது. பூச்சு நிக்கேல்ல. வெறும் சீமெந்தால அடைச்சனான். அதில உப்பு ஏறாது."

"என்ன ஓட்டை?"

"வெடி பட்டது."

அக்கா எழும்பிக் கிட்டப் போனாள். ஒரு கண்ணில் விரலை வைத்தாள். அது அவளுடைய கழுத்துக்கு நேரே இருந்தது.

"அவன் என்னிலும் உயரம்," என்றாள். "இது அவனுக்கு நெஞ்சு."

"அப்பிடிச் சொல்ல ஏலாது அக்கா. அந்த நேரம் எத்தினை சுவரில வெடி பட்டது."

"வா, வீட்ட போவம்."

வழியில் ஆட்கள் அர்ச்சனைத் தட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். அக்கா அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் என் மனைவி பயந்து பயந்து பழஞ்சோறு வைத்தாள். அக்கா முழுக்கச் சாப்பிட்டாள். பிறகு சோற்றுக் கோப்பையை நீட்டினாள்.

"இன்னும் போடு மச்சாள். சேதி வந்திட்டுது."

அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று அயலில் சொல்கிறார்கள். அவள் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். மகனுக்குத் திவசம் செய்யவேண்டுமாம். தாய்மாமன் நான்தான் செய்யவேண்டுமாம். அவன் செத்தது எந்தத் திதி என்று வாரத்துக்கு ஒரு தடவை வந்து கேட்கிறாள். அந்தச் சுவரைப் பூசியவனுக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறாள்.